தங்கச்சியின் பிடரியில் ஒரு வளையம்

அகதியாய் லண்டனுக்கு வந்த எங்களில் பலருக்கு முதல் உத்தியோகம் எட்டு வயதிலோ பத்து வயதிலோ கிடைத்துவிட்டது. டாக்டரின் அறையிலும் கவுன்சில் கந்தோரிலும் இரண்டு பெரிய நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களை இருத்துவார்கள். ஒரு பக்கம் அம்மா, மற்றப் பக்கம் வெள்ளைக்காரர். அம்மாவுக்கு வயிற்றில் எந்த இடத்தில் நோகிறது, அப்பா ஏன் வேலைக்குப் போகவில்லை, குளியலறைச் சுவரில் பூஞ்சணம் எப்போது பிடித்தது என்று எல்லாவற்றையும் நாங்கள்தான் இங்கிலீசில் சொன்னோம். பிள்ளைகள் கேட்கக்கூடாத கதையெல்லாம் கேட்டோம். நீங்களும் அந்த நாற்காலியில் இருந்து கால் ஆட்டியவர்கள் என்பதால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் "பத்து வயதுப் பிள்ளைதானே, உனக்கென்ன தெரியும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

அந்த நாற்காலியில் இருந்து நான் சொன்ன ஒரு "நோ"வைப் பற்றிய கதை இது. அந்த ஒரு சொல்லால் என் தங்கச்சியின் முகத்தில் பாதி போகப் பார்த்தது.

அப்போது நாங்கள் பிளேஸ்டோவில் ஒரு பிளாட்டில் இருந்தோம். மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு, ஜெர்மனியில் இரண்டு வருடம் இருந்து, அங்கே விசா மறுக்கப்பட்டு லண்டனுக்கு வந்தவர்கள். இங்கே இருக்கலாமா இல்லையா என்று ஹோம் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வரவேண்டும். அந்தக் கடிதத்துக்காக அம்மா எப்போதும் காதைக் கதவடியில் வைத்திருந்தார். தபால்காரர் போன பிறகுதான் அடுப்பை மூட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரரின் பூசை முடிந்ததும் அதே கோயிலில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறை அந்தோனியார் பெருநாளுக்கென்று விட்டுத் தருவார்கள். சொரூபத்தைக் கூட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு கோயில் வளவை ஒரு சுற்றுச் சுற்றிவர அனுமதி. அந்தக் கூட்டுக்குச் சோடனை செய்வதும் வளவுக்குத் தோரணம் கட்டுவதும் அப்பாவின் பொறுப்பு. ஊரில் என்றால் காலையில் இரண்டு தென்னோலையை வெட்டிப் போட்டால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். லண்டனில் ஓலைக்கு எங்கே போவது? முந்தின வருடம் பச்சைக் கடதாசியில் வெட்டிக் கட்டினார்கள். மழை பெய்து, சாயம் ஊறி, சொரூபம் தூக்கியவர்களின் வெள்ளை வேட்டியெல்லாம் பச்சை.

"அந்தோனியாருக்குக் கடதாசித் தோரணமோ?" என்று அப்பாவுக்கு வருடம் முழுக்கக் குறை. "உதைவிடக் கட்டாமலே விடலாம்."

அவர்தான் அந்தச் செடியைக் கண்டுபிடித்தார். எப்பிங் காட்டுக்குள் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கிற ஒரு பன்னச்செடி. பிராக்கன் என்பார்கள். நடுத்தண்டும் இரண்டு பக்கமும் கீற்றுமாக, தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குருத்தோலை போலத்தான் இருக்கும். பெருநாளுக்கு முதல் நாள் சனிக்கிழமை, ஒரு கடைக்காரரிடம் வானை இரவல் வாங்கிக்கொண்டு அப்பாவும் நானும் தங்கச்சியும் போனோம். அம்மாவுக்கு அன்று ஷிப்ட்.

நாலு வயதுத் தங்கச்சிக்கு அந்தச் செடிகள் தலைக்கு மேலே. உள்ளே போய் நின்றுகொண்டு, "அக்கா, நான் எங்க?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். செடி ஆடுகிற இடத்தைப் பார்த்து நான் பிடிப்பேன். வெட்டின தண்டிலிருந்து ஒரு கசப்பு மணம் வந்தது. இப்போதும் அந்த மணத்தை என்னால் சொல்லிவிட முடியும், ஆனால் அதற்குப் பெயர் தெரியாது.

வானில் முக்கால்வாசி ஏற்றியானதும் காட்டுக் காவலர் வந்தார். நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. இங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம் என்றார். நான் அப்பாவுக்குச் சொன்னேன். வேறு எங்கேயும் வெட்டினீர்களா என்று கேட்டார். அப்பாவின் காலடியில் ஒரு பத்துத் தண்டு கிடந்தது. மற்றதெல்லாம் வானுக்குள், சாக்குக்குக் கீழே.

"இவ்வளவுதான் எண்டு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். காவலர் என் முகத்தைப் பார்த்தார், நம்பினார். அப்பாவின் பெயர், விலாசம், வான் நம்பர் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு, இந்தமுறை எச்சரிக்கையோடு விடுகிறேன் என்றார். திரும்பி வரும்போது அப்பா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். கெட்டிக்காரி என்றார். அந்தோனியாருக்காகச் சொன்ன பொய் பொய்யில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அம்மா அப்படி நினைக்கவில்லை.

"பேரை எழுதினவனோ?"

"எழுதினவன்தான். ஒண்டும் செய்யமாட்டான்."

"ஜெர்மனியிலையும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

ஜெர்மனியில் அப்பா ஒருமுறை ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டு, பெயர் எழுதப்பட்டவர். சில மாதம் கழித்து விசா மறுக்கப்பட்டது. ஒன்றுக்கும் மற்றதற்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது ஒரே கதையின் முதல் பாதியும் மறுபாதியும். 

பிராக்கனை முன்னறையில் குவித்து, வாடாமலிருக்க ஈரச்சாக்கால் மூடி வைத்தார்கள். தங்கச்சி அதற்குள் புகுந்து வீடு கட்டினாள். பின்னேரம் அதன் மேலேயே படுத்து நித்திரையாகிப் போனாள். எழுப்ப மனமில்லாமல் அப்பா அவளைச் சுற்றியே தோரணம் கட்டினார். அன்று இரவு நான் அவளைக் குளிக்க வார்த்தபோது பிடரியில், மயிர் தொடங்குகிற இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. எள்ளில் பாதி கூட இராது. செடித்தூள் என்று நான் நகத்தால் சுரண்டினேன். லேசில் வரவில்லை. பிறகு வந்தது. தண்ணியோடு போய்விட்டது.

உண்ணி என்றால் எங்களுக்குத் தெரியாததில்லை. அப்பா மாடு வளர்த்த வீட்டுப்பிள்ளை. ஆமணக்கு விதையளவில் மாட்டின் காதில் தொங்குகிற உண்ணியைத் தன் கையால் பிடுங்கி எறிந்திருக்கிறார். அந்தப் புள்ளியை அவரிடம் காட்டியிருந்தாலும் சிரித்திருப்பார். இவ்வளவு சின்ன உண்ணி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பெருநாள் வடிவாக நடந்தது. தங்கச்சிதான் சம்மனசு. யன்னல் சேலைத் துணியில் அம்மா தைத்த வெள்ளைச் சட்டை, சொக்கிலேட் சுற்றிவருகிற வெள்ளித்தாளை மட்டையில் ஒட்டிச் செய்த இரண்டு செட்டைகள். கூட்டுக்கு முன்னால் பூ எறிந்துகொண்டு போனாள். அந்தச் செட்டைகள் பிறகு வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்துவிட்டன. ஒரு படம் மட்டும் இருக்கிறது. அதில் அவள் சிரிக்கிறாள், வாயின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை, தங்கச்சிக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த அம்மா சீப்பை நிறுத்தினார்.

"இதென்ன உன்ரை பிடரியில?"

ஒரு வளையம். தேத்தண்ணிக் கோப்பையை வைத்து எடுத்தால் மேசையில் விழுகிற அடையாளம் போல. சிவப்பில்லை. எங்கள் தோலில் எது சிவக்கிறது? அடிபட்டு ஆறுகிற கண்டல்போல ஒரு மங்கின ஊதாக் கறுப்பு. நடுவில் தோல் வெளித்து இருந்தது. தொட்டால் கொஞ்சம் சூடு. நோகுதா என்று கேட்டால் இல்லை, கடிச்சுச் சொறிய வருதா என்றால் இல்லை. அம்மா படர்தாமரை என்றார். மேல்மாடியில் இருந்த மாமி வந்து பார்த்துவிட்டு, படர்தாமரை என்றால் சொறிந்து புண்ணாக்கியிருப்பாள், இது சிலந்தி எச்சம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து ஒரு கிழமை பூசினார்கள். பிள்ளையின் கொலரெல்லாம் மஞ்சள். வளையம் கோப்பையிலிருந்து சோசர் அளவுக்குப் போனது.

பிறகு காய்ச்சல் வந்தது. விளையாட மாட்டேன் என்று சோபாவில் சுருண்டு கிடந்தாள். அம்மா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் என் சின்ன நாற்காலி.

வயதான வெள்ளைக்கார டாக்டர். பஞ்சில் ஏதோ நனைத்து மஞ்சளைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியதே தவிரப் போகவில்லை. விளக்கை இழுத்து வைத்து நிறைய நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: பிள்ளை காடு, பற்றை, நீளப் புல் இருக்கிற இடம் எங்கேயாவது போனாளா? பூச்சி ஏதாவது கடித்ததா?

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

எங்கள் பெற்றோருக்கு அரசாங்கம் என்பது ஒரே ஆள்தான். காட்டுக் காவலரும் கவுன்சில்காரியும் டாக்டரும் ஹோம் ஆபீசும் ஒரே மேசையைச் சுற்றி இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எங்களைப் பற்றிக் கதைப்பவர்கள். பிடரியில் ஒரு படைக்கு மருந்து கேட்டு வந்தால் இந்த மனிதர் ஏன் காட்டைப் பற்றிக் கேட்கிறார்? கொப்பியில் எழுதியது இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அப்படித்தான் நினைத்தார். அவருடைய கை என் தொடையில் அழுந்தியது.

"இல்லையெண்டு சொல்லு. காட்டுக்கு ஒருத்தரும் போகேல்லை."

நான் "நோ" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பொய்யில் எனக்குக் கை தேர்ந்துவிட்டது. நாங்கள் பிளாட்டில் இருக்கிறோம், எங்களுக்குத் தோட்டமே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். படர்தாமரைக்கு ஒரு கிறீம் எழுதித் தந்தார்.

மூன்று கிழமையில் வளையம் மங்கி மறைந்தது. அது மருந்தில்லாமலும் மறையும் என்று எங்களுக்கு யார் சொல்வது? மறைந்ததென்றால் வெளியே மறைந்தது, அவ்வளவுதான். அம்மா அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினார். நானும் முழந்தாளில் இருந்து நன்றி சொன்னேன்.

ஆவணி மாதம், பள்ளிக்கூட விடுமுறை. காலையில் தங்கச்சியும் நானும் கோர்ன்பிளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய வாயின் இடப்பக்கத்தால் பால் வழிந்தது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு வலப்பக்கம் மட்டும் ஏறியது, இடப்பக்கம் அப்படியே இருந்தது. எனக்காக முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிறாள் என்று நினைத்து, "இன்னொருக்காச் செய்," என்றேன். செய்தாள். எத்தனை தரம் செய்வித்தேனோ தெரியாது. கனவிலும் வருகிற அளவுக்குச் செய்வித்திருக்கிறேன்.

அம்மா உள்ளே வந்து பார்த்தார். "கண்ணை மூடு, பிள்ளை," என்றார். வலக்கண் மூடியது. இடக்கண் பாதியில் நின்று, வெள்ளை தெரிந்தது. அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர், ஆபிரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். தங்கச்சியை ஊதச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். இந்தக் கோடையில் காட்டுப் பக்கம் போனாளா? உடம்பில் வட்டமாக ஏதாவது வந்ததா?

நான் தமிழில் சொன்னேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். அழுகைக்குள்ளும், "காடு இல்லையெண்டு சொல்லு," என்றார்.

தங்கச்சி மூடாத கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். பெருநாள், பிராக்கன், வான், சாக்கு, காவலர், அவள் படுத்த குவியல், கறுப்புப் புள்ளி, வளையம், முதல் டாக்டருக்குச் சொன்ன பொய். மூச்சு விடாமல் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லையெண்டதுக்கு இவ்வளவு நேரமோ?" என்றார் அம்மா.

 அந்தப் புள்ளி ஒரு உண்ணி, அது கடித்துப் பரவுகிற கிருமி முகத்து நரம்பைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, டாக்டர் போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ஒரு வெள்ளைக்காரக் காலில் செக்கச் சிவந்த வளையம். அம்மா பார்த்துவிட்டு, "இது சிவப்பு. அவளின்ரை கறுப்பு," என்றார். அதை நான் சொன்னபோது டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டித் தன் முன்கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் தோலில் இது சிவப்பாக வராது என்றார். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

இரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றி மருந்து விட்டார்கள். அம்மா கட்டிலடியில் செபமாலை உருட்டினார், அப்பா வேலை முடித்து நேரே வந்து சுவரோடு நிற்பார்.  முகம் மார்கழியில், நத்தார் நெருங்கத்தான் திரும்பி வந்தது, முக்கால்வாசி. மிச்சம் கால்வாசி இன்னும் வரவில்லை. களைத்தால் அவளுடைய இடக்கண் மூட ஒரு கணம் பிந்தும். படமெடுக்கும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஹோம் ஆபீஸ் கடிதம் அடுத்த வருடம் நல்லபடியாகவே வந்தது. காவலரின் கொப்பி கொப்பியாகவே இருந்துவிட்டது. அப்பா மறுபடி கடதாசித் தோரணம் கட்டினார், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.

இவ்வளவும் நடந்ததற்காக நான் அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். பயந்த மனுசி. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நோகிறது. பூசை முடிந்து கோயில் வாசலில் சனம் விசாரிக்கும்போது அம்மா சொல்லுவார்: "முதல் டாக்டர் கேட்டவர்தான். இவளுக்கு அப்ப இங்கிலீசு வடிவாத் தெரியாது. மாறிச் சொல்லிப்போட்டாள்." நான் பக்கத்தில் நிற்பேன். முதல்முறை கேட்டபோது அம்மா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பத்தாவது தரத்துக்குள் அது உண்மையாகிவிட்டது. அப்பாவும் அதைத்தான் நம்பினார், அதே நம்பிக்கையோடு கண்ணை மூடினார். தங்கச்சிக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஏதோ ஒரு சண்டையில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இந்த முகம் நீ செய்தது என்று இங்கிலீசில் சொன்னாள். நான் மறுக்கவில்லை. சொன்ன வாய் என்னுடையதுதானே. அவளிடம் உண்மையைச் சொன்னால் அம்மாவை இழப்பாள், சொல்லாவிட்டால் என்னை. நான் என்னைக் கொடுத்தேன். பெருந்தன்மையில்லை அது, கோபம். நாங்கள் இப்போதும் பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் மட்டும் கதைக்கிற சகோதரிகள்.

போன மாதம் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஐம்பது கிட்டுகிறது, அந்த நடு நாற்காலி இன்னும் என்னுடையதுதான். அம்மா குளியலறையில் ஒரு தரமும் கோயில் படியில் ஒரு தரமும் விழுந்திருந்தார். டாக்டர், ஒரு சின்னப் பெடியன், இந்த வருடம் விழுந்தாரா என்று கேட்டார்.

"இல்லையெண்டு சொல்லு," என்றார் அம்மா. "பிறகு வயதுபோனவையின்ரை ஹோமில கொண்டுபோய் விட்டிடுவாங்கள்."

நான் டாக்டரிடம் சொல்லத் தொடங்கினேன். குளியலறை, எந்தப் பக்கம் அடிபட்டது, எவ்வளவு நேரம் எழும்ப முடியாமல் கிடந்தார்.

"இல்லையெண்டதுக்கு இவ்வளவு நேரமோ?"

நான் நிறுத்திவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கும் உப்பிடித்தான் கனநேரம் கதைச்சனீ," என்றார். "முதல் டாக்டரிட்டை நீ மாறிச் சொல்லேல்லை, பிள்ளை. நான்தான் இல்லையெண்டு சொல்லச் சொன்னனான். தங்கச்சிக்கு அதைச் சொல்லிவிடு."

"நீங்கள் சொல்லுங்கோ, அம்மா."

"எனக்கு ஏலாது. நீ சொல்லு. எனக்காக நீதானே எல்லாருக்கும் சொல்லுறனீ."

டாக்டர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். இவ்வளவு வருடத்தில் அம்மா சொன்ன எதையும் இங்கிலீசில் சொல்ல எனக்கு வராமல் போனதில்லை. அன்று வரவில்லை.